ஓடைச் சத்தம் கேட்டு ஏறுவது

சைக்கிளில் ஏறப்போகும் ஒரு ஏற்றத்தின் சராசரி சாய்வு 6 சதவீதம், அதாவது நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரம், என்று யாராவது சொன்னால், அதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். மலையிடுக்குக்குள் ஏறிப்போகும் சாலை என்றால் அந்த எண்ணை மறந்தேவிடலாம்.

நான் வழக்கமாக ஏறும் சாலை 12 கிலோமீட்டர் நீளம். ஏறும் உயரம் 700 மீட்டர் இருக்கும். வகுத்துப் பார்த்தால் 6-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஆனால் 6 சதவீதமாகவே இருக்கும் இடம் எது என்று தேடினால் அந்தச் சாலையில் கால்வாசிகூடத் தேறாது. இடுக்கின் வாயில் 3, 4 என்று சாதுவாகப் போகும். பாறைச்சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கிவரும் நடுப்பகுதியில் 9-க்கு எகிறும். அப்புறம் ஓடை அகன்று மணல்திட்டு போட்டிருக்கும் இடத்தில் 2 அல்லது 3. கடைசி மூன்று கிலோமீட்டர், சாலை ஓடையை விட்டுப் பிரிந்து கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறும். அங்கே 8-க்குக் கீழே இறங்குவதே இல்லை.

ஏன் இப்படி என்றால், இடுக்குச் சாலையின் சாய்வைப் பெரும்பாலும் ஓடைதான் தீர்மானிக்கிறது. கடினமான பாறை குறுக்கே வரும் இடத்தில் தண்ணீரால் ஆழமாக அரிக்க முடியாது. அதனால் அங்கே படிக்கட்டுபோல விழுந்து இறங்கும். பாறை மென்மையாக இருக்கும் இடத்திலோ, மேலிருந்து கொண்டுவந்த மணலையும் கல்லையும் கொட்டிய இடத்திலோ தட்டையாக ஓடும். பக்கத்திலேயே போடப்பட்ட சாலைக்கு வேறு வழி கிடையாது. தண்ணீர் விழும் இடத்தில் அதுவும் ஏறித்தான் ஆக வேண்டும்.

இது புரிந்த பிறகு நான் ஏறும் விதமே மாறிவிட்டது. இப்போது கண்ணைவிடக் காதைத்தான் அதிகம் நம்புகிறேன். ஓடை சலசலத்துப் போய்க்கொண்டிருந்தால் கால் அவசரப்பட வேண்டாம். வளைவுக்கு அப்பால் இரைச்சல் கேட்க ஆரம்பித்தால் அடுத்த ஐந்நூறு மீட்டரில் செங்குத்து வரப்போகிறது என்று அர்த்தம். பெடலில் பாரம் ஏறும் முன்பே, செயின் இழுபடாமல் இருக்கும்போதே, கியரைக் குறைத்துவிடலாம். அழுத்தி மிதித்துக்கொண்டிருக்கும்போது மாற்றினால் 'கடக்' என்று ஒரு சத்தம் வரும், கேட்டாலே வயிறு கலங்கும். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் அது நல்லதல்ல. கோடையில் ஓடை வற்றிவிட்டால் இந்த வசதி போய்விடும். அப்போது படுகையைப் பார்க்க வேண்டும்: பெரிய உருண்டைப் பாறைகள் குவிந்து கிடந்தால் செங்குத்து, பொடிக்கல்லும் மணலும் என்றால் தட்டை.

கண்ணை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு ஒரு உதாரணம். என்னோடு சில நாள் ஒரு தம்பி வருவான். நல்ல கால் பலம். அந்த 9 சதவீதத் துண்டை முடித்து, சுவர்கள் கொஞ்சம் விலகியதும் அவன் கேட்டான்: "அண்ணே, இங்க ரோடு எறங்குதுல்ல?" பார்த்தால் அப்படித்தான் தெரியும். சாலை முன்னால் சரிந்து போவதுபோலவே இருக்கும். அவன் பெரிய கியருக்கு மாற்றிவிட்டு நாலு மிதி மிதித்தான், வேகம் வரவில்லை. டயரைக் குனிந்து பார்த்தான், காற்று இறங்கிவிட்டதோ என்று. "இறங்கல தம்பி, ஏறுது. தண்ணி எந்தப் பக்கம் போகுது பாரு" என்றேன். ஓடை எங்களுக்கு எதிராகத்தான் வந்துகொண்டிருந்தது.

இடுக்குக்குள் அடிவானம் கிடையாது. மட்டம் எது என்று மூளை தெரிந்துகொள்ளப் பிடிமானமே இல்லை. சுவரில் பாறை அடுக்குகள் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வையே மட்டம் என்று எடுத்துக்கொள்ளும். இப்போதுதான் 9 சதவீதத்தில் ஏறி வந்திருக்கிறோம் என்றால், 2 சதவீத ஏற்றம் இறக்கமாகவே தெரியும். கைப்பிடியில் மாட்டியிருக்கும், வேகமும் சாய்வும் காட்டும் ஜிபிஎஸ் கருவியும் இங்கே முழுக்கக் கைகொடுக்காது. உயர்ந்த சுவர்கள் செயற்கைக்கோள்களை மறைக்கும், சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வரும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணக்கிடும் கருவி பரவாயில்லை, ஆனால் அதிலும் சாய்வு எண் கொஞ்சம் தாமதமாகத்தான் மாறும். கால் முன்பே சொல்லிவிட்டதை அது பிறகு சொல்லும்.

பிரான்ஸில் சைக்கிள் போட்டிகளுக்குப் பேர்போன ஆல்ப் துவேஸ் போன்ற மலையில் இந்த ஏமாற்று இல்லை. 13.8 கிலோமீட்டர், சராசரி 8.1 சதவீதம், 21 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அடிவாரத்தில் முதல் வளைவுக்கு முன்பே 10 சதவீதத்தில் அடித்துவிடும். யாரும் அசட்டையாக இருக்க முடியாது. இடுக்குச் சாலை அப்படியில்லை, முதல் நான்கு கிலோமீட்டர் ஆளைத் தாலாட்டும். உடம்பு புதிதாக இருக்கும், 20 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்று தோன்றும். போகவும் முடியும். ஆனால் அங்கே மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கலாம், கடைசி வளைவுகளில் ஐந்து நிமிடம் தொலையும். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு அந்தப் பகுதியைக் கடப்பதுதான் என் கணக்கு.

சக்தி எங்கே போகிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் நல்லது. ஆள் 70 கிலோ, சைக்கிள் 8 கிலோ, 7 சதவீதச் சாய்வு, 12 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படுவது சுமார் 200 வாட். அதில் ஏறக்குறைய 180 வாட் புவியீர்ப்புக்கே போய்விடும். மீதி டயரின் உராய்வுக்கும் காற்றுக்கும். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 32 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு சைக்கிள் 2.2 மீட்டர் சொச்சம் நகரும், ஆக 12 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 90 சுற்று. அருமையான சுழற்சி. அதே ஆளுக்கு வேகம் 9-க்கு இறங்கினால் 67 சுற்று, முட்டி முனக ஆரம்பிக்கும். பின்னால் 28 பல்தான் பெரியது என்றால் 60-க்கும் கீழே போய்விடும். அதனால் புதிதாக மலை ஏற வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பின்னால் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்றுதான். 32, 34 இருக்கட்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பிரான்ஸின் பெரிய சைக்கிள் போட்டியான டூர் டி பிரான்ஸ் 1910-இல் முதன்முதலாகத் தூர்மலே என்ற மலைக்கணவாய் ஏறியபோது அந்த வீரர்களிடம் இதெல்லாம் இல்லை. உயரம் 2,115 மீட்டர், கரடுமுரடான பாதை, சிலர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். பிறகும் வெகுகாலம் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் மாட்டி, மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். ஓடும்போதே கியர் மாற்றும் கருவியை அந்தப் போட்டியில் அனுமதித்தது 1937-இல்தான். விரலால் தட்டி கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

எடையைப் பற்றி நிறைய பேச்சு அடிபடுகிறது. மேலே சொன்ன கணக்கில் ஒரு கிலோ குறைத்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் முக்கால் நிமிடத்துக்கும் குறைவாகத்தான் மிச்சமாகும். போட்டியாளர்களுக்கு அது பெரிது. 2000-ஆம் ஆண்டு முதல் அவர்களுக்கே 6.8 கிலோவுக்குக் கீழே சைக்கிள் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நமக்கு, நிரம்பிய தண்ணீர் பாட்டிலே முக்கால் கிலோ. அதை வீட்டில் வைத்துவிட்டு வருவேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

எடையைவிட எந்த நேரத்தில் ஏறுகிறோம் என்பது முக்கியம். இதை ஏனோ யாரும் பேசுவதில்லை. தெளிந்த வானமுள்ள இரவில் மலைச்சரிவுகள் குளிர்ந்துவிடும். அதைத் தொட்ட காற்று கனத்து, சரிந்து, இடுக்கு வழியாகக் கீழே ஓடிவரும். ஓடையோடு சேர்ந்து இன்னொரு ஓடை. விடிகாலையில் ஏறுகிறவருக்கு இது எதிர்க்காற்று. 15 கிலோமீட்டர் வேகத்தில் அது அடித்தால், அதே 12 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பாற்ற 30 வாட் கூடுதலாகப் போட வேண்டும். வெயில் சுவர்களில் பட்டுச் சூடேறியதும் காற்று திரும்பிக்கொண்டு மேல்நோக்கி வீசும். நடுவில் கொஞ்ச நேரம் இலைகூட அசையாது. நான் குறிவைப்பது அந்த இடைவேளையை. வெயில் முதலில் மேற்கு உச்சியில் மட்டும் விழும், பிறகு மெதுவாகச் சுவரில் இறங்கிவரும். பாதிச்சுவர் வந்ததும் கிளம்பினால் சரியாக இருக்கும். வாகனமும் அதற்குள் பெரிதாக வந்திருக்காது.

கடைசி வளைவுகளில் ஒரு சின்ன விஷயம் பெரிய உதவி. கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் ஏறும் உயரம் ஒன்றுதான், தூரம் வேறு. உள்ளே 5 மீட்டர் ஆரம், வெளியே 12 மீட்டர் என்றால், அரைவட்டம் உள்ளே 16 மீட்டர், வெளியே 38. இரண்டு மீட்டர் ஏற வேண்டுமென்றால் உள்ளே 12 சதவீதத்துக்கு மேல், வெளியே 5 சொச்சம். உங்கள் தடத்துக்குள்ளேயே, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, முடிந்தவரை வெளிப்பக்கமாக வாருங்கள். அந்தப் பத்து வினாடியில் மூச்சு திரும்ப வந்துவிடும். அப்புறம் நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில் எழுந்து நின்று ஏழெட்டு மிதி, மறுபடியும் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றுகொண்டே போனால் இதயம் தொண்டைக்கு வந்துவிடும்.

இறங்குவது வேறு வேலை. மேலே ஏற்றிவைத்த 78 கிலோவும் 700 மீட்டர் கீழே வர வேண்டும். அந்த ஆற்றல் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்று எடுத்துக்கொண்டது போக மிச்சம் முழுவதும் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். விடாமல் பிடித்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். நடுவில் ஆறட்டும். இடுக்கில் சுவரோரம் எப்போதும் பொடிக்கல் உதிர்ந்து கிடக்கும், மழைக்கு மறுநாள் என்றால் கட்டாயம். ஏறும்போதே எந்த வளைவில் கல் கிடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது என் பழக்கம்.

காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டை உச்சியிலேயே, சைக்கிளை நிறுத்திவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அடிவாரத்தைவிட அங்கே நாலு டிகிரி குறைவு, சட்டை வேர்வையில் நனைந்திருக்கும். குளிரில் விரல் மரத்துவிட்டால் பிரேக் பிடியை அழுத்துவதற்கே சிரமப்படுவீர்கள். இரண்டாவது வளைவைத் தாண்டிவிட்டால் ஓரம் கட்டி நிற்க இடமே கிடையாது.