அலுமாரிக்கு மேல் ஒரு சேர்வர்

25.01.2025, சனி

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வீட்டுச் சேர்வராக ஓடவிட, பழைய லெனோவோ எம்710கியூ என்ற குட்டிக் கணினி ஒன்று வாங்கினேன். தடித்த புத்தகமளவு. இரவுபகலாக ஓடினால் கரண்ட் பில் எந்தக் கட்டணப் படிக்கு ஏறும் என்று அம்மா முதலே கேட்டிருந்தார். அளந்து பார்த்தேன்: சராசரி 15 வாட், மாதம் 11 யூனிட்டுக்குள். சரி, அனுமதி கிடைத்தது. ஒரே கணினியில் பல சேர்வர்களை ஓடவிடும் புரொக்ஸ்மொக்ஸ் ஏற்றியாயிற்று.

01.02.2025, சனி

படங்களை வீட்டிலேயே சேமித்துவைக்கும் இம்மிச் என்ற மென்பொருள் ஓடுகிறது. அம்மாவின் போனிலிருந்த படங்கள் எல்லாம் ஏறிவிட்டன. ஆனால் வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. ரவுட்டரில் போர்ட் (வெளியார் உள்ளே வரும் வழி) திறந்து திறந்தே அரைநாள் போனது. கடைசியில்தான் அதன் வெளி முகவரியைப் பார்த்தேன்: 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை என்றால் அது நமக்கென்று தந்த முகவரி இல்லை. பல வீடுகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன. தொடர்மாடியின் கீழ்வாசல் கேற் பூட்டியிருக்க என்பதுபோல, மூன்றாம் மாடியில் நான் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்திருக்கிறேன். என் கருவிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டேன். அது உள்ளிருந்து வெளியே போய் இணைவதால் பிரச்சினை தீர்ந்தது. அது தரும் முகவரியும் 100 என்றே தொடங்குவதுதான் வேடிக்கை.

09.02.2025, ஞாயிறு

முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்றால் வந்த கோளாறாம், அமைச்சரே சொன்னார். சேர்வருக்குப் போட்டிருந்த யூபிஎஸ் (கரண்ட் போனால் பற்றரியில் ஓட்டும் பெட்டி) இரண்டு மணிநேரம் தாங்கியது. அப்புறம் எல்லாம் பொத்தென்று நின்றது.

இம்மிச்சின் தரவுத்தளம் தானாக எழும்பிவிட்டது. எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறையில் இருந்த யூஎஸ்பி டிஸ்க்தான் பழுது. அதைத்தான் பேக்கப் என்று நம்பியிருந்தேன். திடீரென்று கரண்ட் போவதை அதைவிட நன்றாகத் தாங்கும் ஈஎக்ஸ்டி4 ஆக மாற்றி மறுபடி நகலெடுக்கிறேன்.

என் மலிவு யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி துளை இல்லை; கரண்ட் போனதை அது சேர்வருக்குச் சொல்லாது. அதனால் பழைய ரவுட்டர் ஒன்றை நேரே சுவர்ப் பிளக்கில் செருகினேன். சேர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பிங் செய்யும், அதாவது இருக்கிறாயா என்று கேட்கும். மூன்று தடவை பதில் வராவிட்டால் சேர்வரை ஒழுங்காக அணைத்துவிடும்.

10.02.2025, திங்கள்

நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றதால் இன்று ஒன்றரை மணிநேர மின்வெட்டு. ஸ்கிரிப்ட் சொன்னபடி அணைத்தது. ஆனால் கரண்ட் வந்தும் சேர்வர் எழும்பவில்லை. கரண்ட் போய் வந்தால் தானாக இயங்கும்படி பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்பில்) வைத்திருந்தேன்தான். யூபிஎஸ் கடைசிவரை தாங்கியதால் கரண்ட் போனதே பயோஸுக்குத் தெரியவில்லை.

வேலையிடத்திலிருந்து அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

"இதுக்கு ஏன் ராசா இவ்வளவு மினக்கெடு? கரண்ட் வந்தா நானே பட்டனை அமத்திவிடுறன்."

வீட்டுக்கு வந்து பட்டனுக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன்.