செவிலியரிடம் கேட்கத் தயங்கும் கேள்வி

இங்கிலாந்தின் 2011 முதல் 2015 வரையிலான தற்கொலைகளைத் தொழில்வாரியாக ஆராய்ந்த தேசியப் புள்ளியியல் அலுவலகம், செவிலியர், மருத்துவர் போன்ற சுகாதாரத் தொழில்வல்லுநர்களாக இருந்த பெண்களிடையே தற்கொலை ஆபத்து பெண்களின் பொதுச் சராசரியைவிட 24 சதவீதம் அதிகம் என்றும், செவிலியர்களின் மரணங்களே அதற்குப் பெரும்பாலும் காரணம் என்றும் கண்டறிந்தது.

மனச்சோர்வை அளவிடும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளின் ஒன்பதாம் கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் இறந்துவிடுவதே மேல் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வந்ததா என்று நேரடியாகவே கேட்கிறது. இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. ஆனால், இந்த வினாத்தாளைச் செவிலியர்களுக்கு வழங்கி, நிரப்பிய தாள்களை மேற்பார்வையாளரே வாங்கிக்கொள்ளும் வார்டில், வேலைக்கு அஞ்சும் ஒரு செவிலியர் உண்மையை எழுதுவார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? பெயரை முழுவதும் மறைத்தாலோ, ஆபத்திலிருப்பவரைத் தேடிச் செல்ல வழியில்லை; இந்த முரண்தான் என்னை மிகவும் வருத்துகிறது. ஆகவே, மருத்துவமனை நிர்வாகத்தைச் சாராத ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்த பின்னரே முதல் வினாத்தாளை வழங்க வேண்டும் என்று கருதுகிறேன்.