லுனுகங்காவில் ஒரு பகல்

ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால் மதுரையில் கட்டட வடிவமைப்பாளராக இருக்கும் நண்பர் ஒருவர், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். 'லுனுகங்கா' என்பதுதான் தலைப்பு. 1990இல் சிங்கப்பூரின் டைம்ஸ் எடிஷன்ஸ் வெளியிட்டது. இலங்கையில் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு வீட்டையும் அதன் தோட்டத்தையும் பற்றிய புத்தகம். அட்டையில் மூன்று பேர்: ஜெஃப்ரி பாவா, கிறிஸ்டோஃப் பான், டொமினிக் சன்சோனி. வீட்டுக்காரரும் இலங்கைக் கட்டடக் கலைஞருமான பாவாவே எழுதியிருக்கிறார். பான் லண்டனில் பார்பிகன் குடியிருப்பை வடிவமைத்த மூவரில் ஒருவர், சுவிட்சர்லாந்துக்காரர், பாவாவின் நண்பர். சன்சோனி கொழும்புப் புகைப்படக்காரர். நான் நினைவில் வைத்திருந்த பக்கங்கள் எல்லாமே கறுப்பு வெள்ளை.

அன்றைக்கு மனதில் ஒரு கேள்வி விழுந்தது. இவ்வளவு பச்சையான ஊரில் எடுத்த படத்திலிருந்து பச்சையை ஏன் எடுத்துவிட்டார்கள்? போன ஜூலையில் அதற்காகவே கிளம்பினேன்.

கொழும்பு கோட்டையிலிருந்து அளுத்கம வரை ரயில். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் கடல் கூடவே வரும். சில இடங்களில் அலை தண்டவாளத்தைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும் அளவுக்குப் பக்கம். இறால் வடை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே போனேன். அளுத்கமவில் ஒரு த்ரீவீலர் பிடித்தேன். ஓட்டுநர் தர்கா நகர்க்காரர். நான் ஆங்கிலத்தில் வழி சொல்ல ஆரம்பித்ததும், "நீங்க தமிழா? பாவாட தோட்டத்துக்கா? எனக்குத் தெரியும், ஏறுங்க" என்றார். ஆற்றுப் பாலம், அப்புறம் தென்னந்தோப்பு, நெல்வயல், வளைந்து வளைந்து ஒரு சின்ன ரோடு. வழியில் ஒரு மேட்டைக் காட்டி, "கறுவாத் தோட்டம்" என்றார். நம் ஊர்ப் பட்டைதான் அங்கே கறுவா.

லுனுகங்கா என்றால் சிங்களத்தில் உப்பு ஆறு. தெத்துவ ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் அது. பாவா 1948இல் இதை வாங்கியபோது கைவிடப்பட்ட ரப்பர் தோட்டமாக இருந்தது. அவர் அப்போது வழக்கறிஞர். மனதில் இருந்த தோட்டத்தை நிலத்தில் கொண்டுவரத் தனக்குத் தொழில்ஞானம் போதாது என்று பட்டதும், லண்டன் போய்க் கட்டடக்கலை படித்துத் தகுதி பெற்றார். அப்போது வயது 38. பின்னால் கோட்டேயில் இலங்கை நாடாளுமன்றத்தைக் கட்டியவர், 1970களில் எங்கள் மதுரைக்கு வந்து மதுரை கிளப்பை வடிவமைத்தவர், எல்லாம் இந்தத் தோட்டத்திலிருந்து கிளம்பியவர்தான். அவருடைய அலுவலகப் பங்காளியாக இருந்த பொறியாளர் பூலோகசுந்தரம் தமிழர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாவாவின் கட்டடங்கள் நிற்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முன்பே பதிவு செய்திருந்ததால் சுற்றிக்காட்ட ஒரு இளைஞர் காத்திருந்தார். வீட்டுக்குள் அதிக நேரம் இருக்கவில்லை. வீடு அடக்கமானது. நிழலான திண்ணை, பழைய நாற்காலிகள், வெளியே பார்த்த ஜன்னல்கள். அது வெளியே பார்ப்பதற்கான வீடு. ஏரிப் பக்கத்து மேல்தளத்தில் ஒரு ஈழத்தலரி மரம் நின்றது. கிளைகள் மேலே போகாமல் பக்கவாட்டில், கை விரித்த மாதிரி பரந்திருந்தன. கன்றாக இருந்த காலத்தில் பாவா கிளைகளில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டு இப்படி வளைத்தார் என்றார் இளைஞர். கிட்டே போய்ப் பார்த்தேன். தோல் சாம்பல் நிறம், உதிர்ந்த இலைக்காம்புகளின் வடு அம்மைத் தழும்பு மாதிரி. ஒரு கிளை கீழே இறங்கி, திரும்பி, மறுபடி நிமிர்ந்திருந்தது. அந்த முழங்கை வளைவைப் பத்து நிமிடமாவது பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

அப்புறம் தோட்டத்தில் அங்கங்கே மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓசை. பாவா எங்கே உட்கார்ந்து அடிக்கிறார் என்று கேட்டே பணியாளர்கள் அந்த இடத்துக்குத் தேநீரோடு வந்துவிடுவார்களாம். இளைஞர் ஒன்றை அடித்துக் காட்டினார். புத்தகத்தில் இல்லாத சத்தம் அது.

தெற்குத் திண்ணைக்கு வந்தபோதுதான் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. எதிரே புல்சரிவு இறங்கி, மறுபடி ஏறி, கறுவாக் குன்றில் முடிகிறது. உச்சியில் ஒரு மரம், அடியில் ஒரு பெரிய சீனச் சாடி. அதற்கும் அப்பால் ஏரி. அதற்கும் அப்பால் தூரத்துப் பௌத்தக் கோயிலின் வெள்ளை தாகபை, அதாவது ஸ்தூபி, ஒரு புள்ளி. முதலில் இங்கிருந்து ஏரி தெரியவே இல்லையாம். பாவா குன்றின் தலையைச் சீவி இறக்கினார். நடுவில் ஊர்ச்சாலை ஒன்று போகிறது, அதைப் பள்ளத்தில் மறைத்துவிட்டார். சாலையில் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது, சைக்கிள் தெரியவில்லை. கேமராவோடு அலையும் நாங்கள் ஒரு படத்துக்காக இரண்டடி நகர்ந்து நிற்போம். இந்த மனிதர் தான் நின்ற இடத்தில் நின்றபடி குன்றை நகர்த்தியிருக்கிறார்.

கேமராவை எடுத்துப் பத்துப் படம் எடுத்தேன். திரையில் பார்த்தால் வெறும் பச்சை. புல், மரம், ஏரி எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பரப்பு. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். உடனே சரிவு சரிவாக நின்றது, நிழல் நிழலாக விழுந்தது, சாடி தனியாக முன்னால் வந்தது. அவர் இத்தனை வருடம் வெட்டியும் இறக்கியும் செதுக்கியது வெளிச்சமும் நிழலும்தான். பானும் சன்சோனியும் அதைப் புரிந்துகொண்டு எடுத்த படங்கள் என்று அங்கே நின்றபோது முழுசாக நம்பினேன். நான் பார்த்த வீட்டுப் புத்தகங்கள் பலவும் மேசை நாற்காலியைக் காட்டுவதோடு நின்றுவிடும். இது வீட்டுக்காரர் கண்ணுக்குள் நம்மை உட்காரவைக்கிறது.

குன்றுக்கு ஏறினோம். 1998இல் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகும் பாவா இந்தத் தோட்டத்தை விடவில்லை. 2003 மே மாதம் இறந்தார். இந்தக் குன்றில்தான் எரியூட்டினார்கள். பெயர் பொறித்த கல் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. சாடிக்கு மேலே நிற்கும் மரத்தை இளைஞர் "மூணமல்" என்றார். அண்ணாந்து பார்த்தால் நம் மகிழ மரம். கீழே புல்லெல்லாம் பூ. நட்சத்திர வடிவில், நடுவில் துளையோடு, எங்கள் பாட்டி வாழைநாரில் கோர்த்துத் தருவாளே, அதே பூ. இளைஞரிடம் கேட்டுவிட்டு ஒரு கைப்பிடி பொறுக்கி, லென்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டேன். மழை இறங்க ஆரம்பித்தது. தாகபை மறைந்தது, ஏரி மறைந்தது, சாடி மட்டும் நனைந்து கறுத்து நின்றது. அதை ஒரு படம் எடுத்தேன்.

மறுநாள் கொழும்பில் பாவாவின் இன்னொரு வீட்டுக்குப் போனேன். அங்கே செட்டிநாட்டுத் தூண்கள் இருக்கின்றன. அதைத் தனியாக எழுத வேண்டும். மதுரை திரும்பியதும் நண்பர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை மறுபடி கேட்டு வாங்கினேன். அந்தக் குன்றுப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் லென்ஸ் பையை அவிழ்த்தேன். பூ காய்ந்து பழுப்பாகியிருந்தது. வாசனை அப்படியே இருந்தது.