மேக்பெத் கட்டுரைக் கேள்விக்கு மூன்று கொலைகள் போதும்

பி.ஏ. ஆங்கில இலக்கியமோ எம்.ஏ.வோ, ஷேக்ஸ்பியர் தாளில் மேக்பெத் இருந்தால் கட்டுரைக் கேள்வி பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாயும்: பேராசை ஒரு நல்ல மனிதனை எப்படிக் கெடுக்கிறது? இதற்குக் கைடுகளில் தயாராக ஒரு விடை உண்டு. வீரன், சூனியக்காரிகள் ஆசை காட்டினார்கள், மனைவி தூண்டினாள், அரசனைக் கொன்றான், கடைசியில் அழிந்தான். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் விடைத்தாள் திருத்துபவர் ஒரே விடைத்தாள் கட்டுக்குள் இதை எத்தனை முறை படித்திருப்பார் என்று யோசியுங்கள். தமிழ்வழியில் பள்ளி முடித்துவிட்டு ஆங்கில இலக்கியத்துக்கு வந்தவள் நான். இந்த நாடகம் எனக்குப் பிடிபட்ட வழியைச் சொல்கிறேன். அங்கம், காட்சி எண்களைக் கொடுக்கிறேன். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் அங்கம் ஏழாம் காட்சியிலிருந்து ஆரம்பியுங்கள். விருந்து நடந்துகொண்டிருக்கிறது. மேக்பெத் தனியே வெளியே வந்து தனக்குத்தானே பேசுகிறான். அரசன் டங்கனை ஏன் கொல்லக் கூடாது என்பதற்கு வரிசையாகக் காரணம் சொல்கிறான்: நான் அவருடைய உறவினன், அவருடைய குடிமகன், இன்று அவருக்கு விருந்து கொடுப்பவன், கதவைச் சாத்திக் கொலைகாரனைத் தடுக்க வேண்டிய நானே கத்தியைத் தூக்கலாமா? அதற்கு மேல் டங்கன் சாந்தமான, குறை சொல்ல முடியாத அரசன். இத்தனைக்கும் எதிரே அவனிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அளவுக்கு மீறித் தாவும் ஆசை. அதை அவனே வாய்விட்டுச் சொல்கிறான். முடிவும் எடுத்துவிடுகிறான். மனைவி வந்ததும் ‘இதோடு நிறுத்திக்கொள்வோம்’ என்கிறான்.

இந்த இடத்தைப் படித்த பிறகு ‘ஆசை அவன் கண்ணை மறைத்தது’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கண் திறந்தே இருக்கிறது. செய்யப்போவது பாவம் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. தெரிந்தும் செய்கிறான் என்பதுதான் இந்த நாடகத்தின் பயங்கரம். அடுத்து லேடி மேக்பெத் அவனை மாற்றும் விதத்தைக் கவனியுங்கள். அரியணையின் சுகத்தை அவள் வர்ணிப்பதில்லை. அவன் சொன்ன காரணங்களில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்வதில்லை. ‘நீ ஆண்பிள்ளைதானா?’ என்று கேட்கிறாள், அவ்வளவுதான். அவ்வளவு தெளிவாக யோசித்தவன் அந்த ஒரு கேள்வியில் சரிந்துவிடுகிறான்.

இனி மூன்று கொலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நான் நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாக மடித்து எழுதிப் படித்தேன். வீழ்ச்சியின் படிகள் அந்த ஒரே பக்கத்தில் தெரிந்தன.

டங்கன் கொலையில் அவ்வளவு தயக்கம், காற்றில் தெரியும் குத்துவாள், கொன்ற பிறகு ‘ஆமென்’ சொல்ல வாய் வராமல் தொண்டையில் சிக்கிக்கொள்வது. தன் கையாலேயே கொல்கிறான். மனைவிக்கு எல்லாம் தெரியும்.

அவனுடைய சக தளபதி பாங்கோவின் கொலையில் ஆள் ஏவுகிறான். மூன்றாம் அங்கம் முதல் காட்சியில் அந்தக் கூலிக்காரர்களிடம் அவன் பேசும் பேச்சைக் கேளுங்கள். ‘நீங்களெல்லாம் ஆண்பிள்ளைகள் என்ற கணக்கில் சேர்த்திதானா?’ என்று குத்திக் காட்டுகிறான். மனைவி தன்மேல் பிரயோகித்த அதே ஆயுதம் இப்போது அவன் கையில். அவளிடம் திட்டத்தைச் சொல்வதும் இல்லை. ‘உனக்குத் தெரிய வேண்டாம், முடிந்த பிறகு மெச்சிக்கொள்’ என்று கொஞ்சலாகத் தள்ளிவிடுகிறான்.

மூன்றாவது, அவனை எதிர்க்கும் பிரபு மக்டஃபின் மனைவி, குழந்தைகள். இதில் அவனுக்கு எந்த லாபமும் கிடையாது. மக்டஃப் இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கோட்டைக்கு ஆள் அனுப்புகிறான். நான்காம் அங்கம் முதல் காட்சியின் முடிவில், இனி என் மனதில் முதலில் தோன்றுவதே என் கை முதலில் செய்வதாக இருக்கும் என்கிறான். முதல் அங்கம் ஏழாம் காட்சியில் நினைப்புக்கும் செயலுக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி இருந்தது! அந்த இடைவெளியில்தான் அவனுடைய மனசாட்சி குடியிருந்தது. அதை அவனே மூடிவிட்டான். அறவீழ்ச்சி என்று கேள்வியில் வந்தால் இந்த மூடலைக் காட்டுங்கள். விடையின் முதுகெலும்பு அதுதான்.

இதற்குச் சான்றாக ஒரு ஜோடி சொல்கிறேன். இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில் சின்னச் சத்தம் கேட்டாலும் அவனுக்கு உடம்பு நடுங்குகிறது. ஐந்தாம் அங்கம் ஐந்தாம் காட்சியில் பெண்கள் அலறும் சத்தம் கேட்கிறது. பயத்தின் ருசியே எனக்கு ஏறக்குறைய மறந்துவிட்டது என்கிறான். அலறலுக்குக் காரணம் அவன் மனைவியின் சாவு.

லேடி மேக்பெத் எதிர்த்திசையில் போகிறாள். கொலை நடந்த இரவில், கடல் தெய்வம் நெப்டியூனின் கடல் முழுவதும் இந்த ரத்தத்தைக் கழுவுமா என்று அவன் கேட்க, கொஞ்சம் தண்ணீர் போதும் என்றவள் அவள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்துகொண்டே கையைக் கழுவிக் கழுவி ஓயாதவளும் அவளே. அவள் பேசுவது அந்தக் காட்சியில் உரைநடையில். அதுவரை செய்யுளில் பேசியவள். இன்னொன்று: பாங்கோவின் ஆவி வரும் விருந்துக் காட்சிக்குப் பிறகு கணவனும் மனைவியும் மேடையில் ஒன்றாக வருவதே இல்லை. எந்த ஆசைக்காக இருவரும் ஒன்றானார்களோ அதுவே அவர்களைப் பிரித்துவிட்டது. எனக்கு நாடகத்திலேயே அதிகம் வலித்த இடம் இதுதான்.

சூனியக்காரிகளின் பங்கு என்ன என்று கேட்டால் பாங்கோவைக் கொண்டு விடை சொல்லுங்கள். மேக்பெத் அரசனாவான் என்று சூனியக்காரிகள் சொன்னபோது அவனும் கூடவே நின்று அதே வாக்கைக் கேட்டவன். அவன் யாரையும் கொல்லவில்லை. ‘கொல்’ என்று அவர்களும் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் வரலாற்றுப் பின்னணிக்கு வேலை. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்றில் அரசன் டங்கனின் கொலைக்குப் பாங்கோவும் உடந்தை. ஆனால் நாடகம் எழுதப்பட்டது 1606ஐ ஒட்டி. 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ் பாங்கோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டவர். பாங்கோ கறையற்றவனாக மாறியதற்கு அது ஒரு காரணம். அரசனைக் கொல்வது என்ற பேச்சே மக்களை உலுக்கியிருக்கும், அரசரையே வெடிவைத்துக் கொல்லத் திட்டமிட்ட 1605 வெடிமருந்துச் சதி அப்போதுதான் பிடிபட்டிருந்தது. பின்னணியை வாதத்துக்குள் வைத்து இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். ஆசிரியர் வரலாறு என்று முதல் பக்கத்தை நிரப்புவதில் பயனில்லை.

அரிஸ்டாட்டிலின் ஹமார்ஷியாவை, அதாவது நாயகனை வீழ்த்தும் பிழையை, எல்லோரும் எழுதுகிறோம். ‘பேராசையே மேக்பெத்தின் ஹமார்ஷியா’ என்று ஒரு வரி போட்டுத் தாண்டாதீர்கள். அரிஸ்டாட்டில் சொல்லும் துன்பியல் நாயகன் ஒரு பிழையால் விழுகிறவன், கொடுமையால் அல்ல. மேக்பெத் அறிந்தே கொலை செய்கிறவன். அப்படியிருந்தும் அவன்மேல் நமக்கு இரக்கம் வருகிறதே, ஏன்? இழந்தது என்ன என்று அவனுக்குத் தெரிவதால். ஐந்தாம் அங்கம் மூன்றாம் காட்சியில் முதுமைக்குத் துணையாக வர வேண்டிய மரியாதை, அன்பு, பணிவு, நண்பர் கூட்டம் எதையும் நான் எதிர்பார்க்க முடியாது என்கிறான். கிரீடத்தை அவன் ஒரு நாள் அனுபவித்ததாகக்கூட நாடகத்தில் காட்சி இல்லை. அரசனான பின் அவன் தனியே பேசும் முதல் பேச்சே பயத்தைப் பற்றியது: அரசனாக இருப்பது பெரிதல்ல, பத்திரமாக இருக்க வேண்டும்.

நெட், டி.ஆர்.பி. ஆசிரியர் தேர்வுகள் எழுதுகிறவர்களுக்கு வேகமாகச் சில: அச்சில் முதலில் வந்தது 1623 முதல் ஃபோலியோ என்ற ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில். நாடகத்தில் வாயிற்கதவு தட்டும் ஓசை பற்றிய டி குவின்சியின் கட்டுரை 1823. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்கள் பற்றிய பிராட்லியின் விரிவுரைகள் நூலானது 1904. லேடி மேக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள் என்று எல்.சி. நைட்ஸ் கேட்டது 1933. அது பிராட்லியின் பாணியை எதிர்த்து எழுதியது. வரலாற்று மேக்பெத் ஸ்காட்லாந்தை ஆண்டது 1040 முதல் 1057 வரை.

மேற்கோள்கள் நீளமாக வேண்டாம். ஒவ்வொரு கொலைக்கும் நான்கைந்து சொற்களில் ஒரு தொடர், கை கழுவும் ஜோடிக்கு இரண்டு. வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் தேர்வறையில் தானே வரும்.

முடிவுப் பத்திக்கு டங்கனின் மகன் மால்கமின் கடைசிப் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன கசாப்புக்காரன், பேய்க்குணம் கொண்ட அவன் ராணி என்று இருவரையும் ஒரே வரியில் தள்ளுகிறான். வெளியிலிருந்து பார்த்தவனுக்கு அவர்கள் அவ்வளவுதான். ஏழாம் காட்சியின் தனிமொழியை மால்கம் கேட்கவில்லை, தூக்கத்தில் கை கழுவியதை அவன் பார்க்கவில்லை. நாம் கேட்டோம், பார்த்தோம். மால்கமின் தீர்ப்பு போதுமா என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். போதும் என்று எழுதினாலும் சரி, காரணத்தோடு எழுதுங்கள்.