உப்பு ஏறும் நாட்கள்

நவம்பர் 27
அம்மாவின் இரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் அளவு, 114. 135க்கு மேல் இருக்க வேண்டியது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் யாரென்று தெரியாத சிரிப்பு.

நவம்பர் 28
119. டொக்டர் நின்று கதைத்தார். சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம். 24 மணித்தியாலத்தில் 8, மிஞ்சினால் 10. அவசரப்பட்டு ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை கெட்டுவிடும். இறங்கினாலும் ஆபத்து, ஓடி ஏறினாலும் ஆபத்து.

வீட்டுக்கு வந்து உடுப்புக்கூட மாற்றாமல், குளத்து மீன்களைக் கடல்நீருக்குப் பழக்கும் தொட்டியைப் பார்த்தேன். உப்புமானியில் லீற்றருக்கு 5 கிராம். உப்புவெளியிலிருந்து கானில் அள்ளி வந்த கடல்நீரில் இன்னொரு வாளி ஊற்றினேன். கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாக்கள் ஒன்றும் நடக்காதது போல் திரிகின்றன.

நவம்பர் 29
118. ஏன் இறங்கியது?

"தண்ணி தா பிள்ளை." ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல் கொடுக்கக் கூடாது. பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டேன். பஞ்சை உறிஞ்சப் பார்த்தார்.

நவம்பர் 30
நித்திரை வரவில்லை. மழை ஓட்டில் அடிக்கிறது.

ஆற்று மீன் தண்ணீர் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். குடிக்காமலே செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அதன் இரத்தம் ஆற்றை விட உப்பானது. வந்ததையெல்லாம் நீர்த்த சிறுநீராக வெளியேற்றியபடியே, தண்ணீரில் இருக்கும் கொஞ்ச உப்பைச் செவுளால் பிடித்துச் சேர்க்க வேண்டும். கடலில் எல்லாம் தலைகீழ். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, மீனின் இரத்தத்தில் அதில் மூன்றில் ஒரு பங்களவுதான். உடம்பிலிருந்து தண்ணீர் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். நாலு பக்கமும் தண்ணீர், ஆனால் மீனுக்கு விடாய். அதனால் அது கடலையே குடிக்கும். 1930இல் ஹோமர் ஸ்மித் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்து, அது விலாங்கின் குடலில் சேர்வதைக் காட்டித்தான் இதை நிறுவினார். குடித்த உப்பு எங்கே போகிறது? இரண்டு வருடம் கழித்து கீஸ், வில்மர் என்ற இரு ஆய்வாளர்கள் விலாங்கின் செவுளில் உப்பை வெளியே தள்ளும் உயிரணுக்களைக் கண்டார்கள்.

ஒரே செவுள்தான். ஆற்றில் உப்பை உள்ளே இழுக்கிறது, கடலில் வெளியே தள்ளுகிறது. ஆனால் மாறுவதற்கு நாள் வேண்டும். குடிப்பது சில மணித்தியாலத்தில் தொடங்கிவிடும். கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடி, அந்த உயிரணுக்கள் பெருத்துப் பெருகுவதற்குத்தான் நாட்கள் எடுக்கும். நல்ல தண்ணீரில் இருந்த திலாப்பியாவை ஒரேயடியாக முழுக் கடல்நீரில் விட்டால் பெரும்பாலும் ஒரு நாள் தாங்காது. படிப்படியாக ஏற்றினால் அதே மீன் கடலில் சீவிக்கும். விராலை எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் கடலுக்குப் பழக்க முடியாது. அம்மா எது?

டிசம்பர் 1
123. இன்று வார்ட்டுத் தாதி மிஸ்ஸியிடம் கேட்டேன். ஏறுவது 3 சதவீதச் சேலைன். லீற்றருக்கு 30 கிராம், கிட்டத்தட்டக் கடல்! பம்பு வைத்துத் துளித்துளியாக விடுகிறார்கள். அந்தத் துளியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒன்று விழுந்து அடுத்தது திரளும் வரைக்கும் மூச்சு வரவில்லை.

டிசம்பர் 2
தொட்டி 18. ஒன்று கறுத்துப்போய், செட்டையை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கிறது. மற்றவை தின்கின்றன. தொட்டியின் அடியில் வெள்ளையாக, நூல் போலச் சில துண்டுகள். முதலில் புழு என்று பயந்தேன். உறிஞ்சுகுழாயால் எடுத்து விரலில் தேய்த்தால் மாவு போல் கரகரத்தது. வினாகிரியில் போட்டேன், நுரைத்தது. சுண்ணாம்பு! குடித்த கடல்நீரின் கல்சியத்தைக் குடல் சுண்ணாம்பாக்கிச் சளி சுற்றி வெளியே விடுகிறது. அப்படியானால் குடிக்கின்றன. சந்தோசத்தில் அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். அவ "அம்மா சாப்பிட்டவவா?" என்றுதான் கேட்டா. கேட்க வேண்டியதும் அதுதான்.

டிசம்பர் 3
124. ஒன்றுதான் ஏறியது. அரைக் கோப்பை கஞ்சி.

டிசம்பர் 4
கிண்ணியாப் பாலத்தடியில் மணலை மீனோடு திலாப்பியாவும் விற்கிறார்கள். "வெள்ளத்துக்கு வாறது, வருசா வருசம்" என்றார் விற்றவர். மகாவலி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மழைக் காலத்தில் மேலே கலங்கல் ஆற்று நீர், கனமான உப்புத்தண்ணீர் அடியில். அடித்து வரப்பட்ட மீனுக்கு அங்கே இடைத்தங்கல் கிடைக்கிறது, ஒரேயடியாகக் கடல் இல்லை. மொசாம்பிக் திலாப்பியாவின் சொந்த ஊரே தென்கிழக்கு ஆபிரிக்காவின் ஆறுகளும் கழிமுகங்களும்தான். 1950களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்தார்கள். உப்பு அதற்குப் புதிதில்லை.

அம்மாவுக்குப் புதிது. 127 என்றாலும் நேற்றிலிருந்து கை நடுங்குகிறது. கேட்டால் "பார்ப்போம்" என்கிறார்கள்.

டிசம்பர் 5
கறுத்துக் கிடந்த மீன் செத்துவிட்டது. இரண்டு நாளைக்கு உப்பு ஏற்றப் போவதில்லை. 18இலேயே இருக்கட்டும். எனக்கு அவசரம் இல்லை. டொக்டருக்கும் அவசரம் வரக்கூடாது.

டிசம்பர் 6
காலையில் இரத்தம் எடுத்தார்கள். முடிவு நாலு மணிக்காம். அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று போத்தலைத் தூக்கிப் பார்த்தார். அக்கா கொழும்பிலிருந்து இரவு பஸ் எடுக்கிறாவாம். கான் இரண்டும் வெறுமை, மழை விட்டால் உப்புவெளிக்குப் போக வேண்டும்.