குண்டூசியும் தீப்பெட்டியும்

மதத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள தொடர்பை எழுதிய ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரைப் படித்த அன்று எனக்குப் பெரியம்மாவின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் (ஃபேக்டரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான்) கட்டை அடுக்கியவர். பள்ளம் வெட்டிய மெல்லிய சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக உட்கார வைக்கணும், அதன் மேல் அடுத்த சட்டம், அதற்கும் மேல் இன்னொன்று, கட்டை நிறைந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய் மருந்து முக்குவது வேறு ஆள். அடைப்பது இன்னொரு கூட்டம். ஒரு முழுத் தீப்பெட்டியைப் பெரியம்மா தனியாகச் செய்ததே இல்லை.

1776இல் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் சொன்ன குண்டூசிக் கணக்கும் இதுதான். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 48,000 ஊசி. அதே மனிதர், நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்பவனுக்கு மூளை மழுங்கிப்போகும் என்றும் எழுதியிருக்கிறார், அதை மட்டும் யாரும் மேடையில் சொல்வதில்லை.

சரி, வேபர். 1904-05இல் அவர் சொன்னது: யாருக்கு மோட்சம் என்பது கடவுள் முன்பே எடுத்த முடிவு என்று நம்பிய கால்வினிஸ்ட் கிறிஸ்தவன், நாம் அதில் இருக்கிறோமா இல்லையா என்ற பதைப்பில் ஓயாமல் உழைத்தான், சம்பாதித்ததை ஆடம்பரத்தில் கரைக்காமல் திரும்பத் தொழிலிலேயே போட்டான். இந்தியாவில் சாதிக் கட்டுக்குள் அப்படி ஒரு முதலாளித்துவம் தானாக முளைக்காது என்றும் பிறகு எழுதினார்.

அவர் சிவகாசியையும் விருதுநகரையும் பார்த்திருக்கணும். நாடார் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று உறவின்முறைக்கு (ஊர்ச் சாதிச் சங்கம்) மகமை கொடுத்தார்கள், அதாவது பொதுக் காரியத்துக்கான பங்கு. அந்தப் பணத்தில் சரக்கும் வண்டியும் தங்கும் பேட்டை வந்தது, கோயில் வந்தது, 1889இல் விருதுநகரில் பள்ளிக்கூடம் வந்தது. சாதியால் மறுக்கப்பட்ட கமுதிக் கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்ற அதே சமூகம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மகமைப் பணத்தில்தான் ஆபீஸ் வந்தது என்று நான் சொல்லவில்லை, ஆனால் சொந்தத்துக்குள் கடன், வாய்ச்சொல்லுக்கு மதிப்பு, திருவிழாவில் முகம் பார்த்தாக வேண்டிய பயம், இதெல்லாம் எந்த பேங்க்கிலும் கிடைக்காத முதல். மனசுக்குள் இருக்கும் பக்தியை விட, கோயிலைச் சுற்றி இருக்கும் இந்தக் கணக்குவழக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனால் இது எல்லாமே முதலாளி பக்கத்து மதம். கட்டை அடுக்கியவர்களுக்கு எந்த மகமை? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். ஆபீஸில் குச்சியைத் தொட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள், அப்புறம் பிள்ளைகள். விடியும் முன்னே கிராமம் கிராமமாக வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். சிவகாசிப் பிள்ளைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவே 1996 ஆனது.

ராத்திரி பெரியம்மா வீட்டில் பெட்டி ஒட்டுவார், கூலி குரோஸ் (144 பெட்டி) கணக்கில். லேபிளில் லட்சுமி படம். பசை வாளியைத் தாண்டும்போது எங்கள் கால் லேபிளில் பட்டுவிட்டால் முதுகில் ஒன்று விழும், அப்புறம் அந்த லேபிளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதையே பெட்டியில் ஒட்டுவார்.