நயாகராவை விட இந்தக் கூழாங்கல் கடை மேல்!

நயாகராவில் கார் நிறுத்தக் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. போர்டில் ஒரு விலை, கிளம்பும்போது கையில் கேட்டது வேறு விலை. அந்தக் கடுப்பில் அப்பா, "ராச்செஸ்டருக்கு டோல் ரோட்ல போகாதடா" என்று உத்தரவு போட்டுவிட்டார். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரத்துக்குப் போகும் 104-ஆம் நம்பர் சாலைக்குத் திரும்பியது அதனால்தான்.

ரிட்ஜ் ரோடு என்கிற இந்தச் சாலை பனியுகக் கடைசியில் இருந்த இரோக்வாய் ஏரியின் பழைய கரைமேலேயே ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஆப்பிள் தோட்டம். எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கடையைச் சொல்லாமல் கை நகர மாட்டேன் என்கிறது!

பழைய கிராமத்துப் பலசரக்குக் கடை, இப்போது பழம்பொருள் விற்கிறார்கள். முன்சுவர் முழுக்கக் கோழிமுட்டையை விடச் சின்னக் கூழாங்கற்கள், சோளக்கதிரில் மணி அடுக்கினாற்போல. இரண்டு வரிசைக்கு நடுவில் சாந்தைக் கரணையால் கூராக இழுத்துவிட்டிருக்கிறார்கள். விரலை வைத்து ஓட்டினால் கோடு கடைசிவரை நேராகப் போகிறது. மூலைகளில் மட்டும் செதுக்கிய பெரிய கல். பக்கச் சுவருக்குப் போனால் கதை வேறு: கரடுமுரடான வயற்கல், கைக்குக் கிடைத்த அளவில். ரோட்டில் போகிறவன் பார்க்கும் பக்கத்துக்குத்தான் செலவு. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்பா சுவரைத் தட்டிப் பார்த்து, "சுண்ணாம்புதான். கடுக்காய்த் தண்ணி ஊத்தினாங்களாமா?" என்றார். கடைக்காரருக்கு அதை மொழிபெயர்க்க நான் பட்ட பாடு! கடுக்காய் இல்லையாம், சுண்ணாம்பும் மணலும்தான். மெதுவாக இறுகும் சாந்து என்பதால் நாளுக்குச் சில வரிசைக்கு மேல் ஏற்ற முடியாது. பின்னாளில் சிமென்ட் பூசி ஒட்டுப்போட்ட இடத்தில்தான் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் கெடுகிறது.

கல் இலவசம். பனிப்பாறைகள் கொட்டிவிட்டுப் போனது, ஏர் ஓட்டினாலே மேலே வரும். ஈரி ஏரியையும் ஹட்சன் ஆற்றையும் இணைக்கும் ஈரி கால்வாய் 1825-இல் முழுதாகத் திறந்ததும் கோதுமை நியூயார்க் நகரம் வரை போனது, விவசாயி கையில் காசு புரண்டது. மரக்குடிசையை விட்டவர்கள் பொறுக்கிப் போட்ட கல்லிலேயே கட்டினார்கள். வட அமெரிக்காவின் கூழாங்கல் கட்டடங்களில் பெரும்பாலானவை ராச்செஸ்டரைச் சுற்றி 120 கிலோமீட்டருக்குள்தான். அனேகமாக எல்லாமே 1860-க்கு முன்பு எழுந்தவை.

உள்ளே நீள மரக் கவுண்டர், நடுவில் குழி விழும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கிராமக் கடைகளில் வெண்ணெய், முட்டையைக் கொடுத்துவிட்டுத் தேயிலை, துணி, ஆணி வாங்குவார்கள். மிச்சம் பற்று நோட்டில் ஏறும். தபால் ஆபீசும் பல இடங்களில் கடை மூலையிலேயே. துருப்பிடித்த காபி அரைக்கும் மிஷினுக்கு 140 டாலர் சொன்னார். கும்பிடு போட்டு வெளியே வந்தோம்.

சைல்ட்ஸ் என்ற சிற்றூரில் கூழாங்கல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1834-இல் கட்டிய சர்ச், 1952 வரை பாடம் நடந்த 1849-ஆம் வருடப் பள்ளிக்கூடம். டிக்கெட் காசுக்குத் தகும். குளிர்காலத்தில் மூடியிருக்கும், போன் செய்துவிட்டுப் போங்கள். எதிர்ப்பட்ட சின்னச் சாப்பாட்டுக் கடையில் சைவத்துக்குச் சீஸ் சாண்ட்விச்சைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சூடான ஆப்பிள் பை! சர்க்கரை இருக்கும் அப்பா இரண்டாவது துண்டும் கேட்டார். அம்மாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.